உஷார்! லாரிப் புகைச்சூடு பார்க்க வீட்டு மீட்டரா?

லாரி ஓனர்களே, சொந்த வண்டி ஓட்டும் டிரைவர்களே, செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு சால்டரிங் அயர்னைத் தேடிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, கொஞ்சம் நில்லுங்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டை அளக்க நீங்களே ஒரு மீட்டர் செய்து கேபினில் மாட்டப் போகிறீர்கள் என்றால், அல்லது போன மாதமே மாட்டிவிட்டீர்கள் என்றால், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மீட்டர் வேலை செய்யாமல் போனால் பயமில்லை. டிஸ்பிளே அணைந்து கிடந்தால் யாரும் அதை நம்பப் போவதில்லை. நன்றாக எரிகிற மீட்டரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எண் ஏறும், காலை எடுத்தால் இறங்கும், பார்க்கிறவருக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆனால் உள்ளே 750 டிகிரி ஓடும்போது அது 640 என்று காட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் செய்த மீட்டரில் வரும் கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே பக்கம்தான் சாய்கின்றன: சூட்டைக் குறைத்துச் சொல்லும் பக்கம். மீட்டர் இல்லாத டிரைவர் கரும்புகையைப் பார்த்துக் காலை எடுத்துவிடுவார். பொய் மீட்டர் வைத்திருப்பவர் எண்ணைப் பார்த்து இன்னும் மிதிப்பார்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1989-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை வைத்தார்கள். பின்னால் பெரிய டிரெய்லரைக் கட்டி மலை ஏறுகிறவர்களும், பம்பைத் திருகி டீசலைக் கூட்டிக்கொண்டவர்களும் டாஷ்போர்டில் புகைச்சூடு காட்டும் ஒரு பைரோமீட்டர் மாட்டிக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று. அதே பி வரிசை இன்ஜின்தான் 1993-இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் வழியாக ஜாம்ஷெட்பூரிலிருந்து நம் டாடா லாரிகளுக்கும் வந்தது. அவர்கள் வீடியோ நம் வண்டிக்குப் பொருந்தும்போல் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்ஜின் பொருந்தலாம். சுற்றியிருக்கும் வயரிங், வோல்டேஜ், கேபின், சட்டம் எதுவும் பொருந்தாது.

சூடு ஏன் முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீசல் இன்ஜினில் உள்ளே போகும் காற்றுக்கு ஈடில்லாமல் டீசல் கூடினால் புகைச்சூடு ஏறும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்து காற்று வெளியேறினாலும், டாப் கியரிலேயே இழுக்க விட்டு ஏற்றம் ஏறினாலும் அதேதான் நடக்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சிலிக்கன் கலந்த பிஸ்டன் கலவை 580 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும். அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைத்துக் கிடக்கிறது. அதனால் புகை 700 டிகிரி என்றால் பிஸ்டனும் 700 என்று அர்த்தமில்லை. ஆனாலும் டர்போவுக்கு முன்னால் தொடர்ந்து 700-ஐத் தாண்ட விடாதே என்பது பாரம் இழுப்பவர்களிடையே பொதுவாக உள்ள கணக்கு. சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் ஏறும் லோடு வண்டிக்கோ, பண்ணாரியிலிருந்து திம்பம் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் வண்டிக்கோ ஐம்பது டிகிரி வித்தியாசம் சின்ன விஷயமே கிடையாது.

இப்போது வயருக்கு வருவோம். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சூட்டை உணர்வது கே டைப் தெர்மோகப்பிள். குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கம்பிகளின் நுனியை ஒன்றாகப் பற்ற வைத்திருப்பார்கள். நுனிக்கும் மறுமுனைக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால் ஒரு நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 700 டிகிரியில்கூட மொத்தமே 29 மில்லிவோல்ட்தான். அது காட்டுவது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். மறுமுனை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதை மேக்ஸ் 6675 போன்ற சிப் தன் உடம்புச் சூட்டைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டு கம்பிகளும் சிப் இருக்கும் இடம்வரை அதே உலோகமாகவே வர வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும் கிட்டில் வயர் நீளம் போதாது. இன்ஜினிலிருந்து டாஷ்போர்டுக்கு இழுக்க வேண்டுமே! என்ன செய்கிறார்கள்? வீட்டில் கிடக்கும் செம்பு வயரை முறுக்கி, சால்டர் போட்டு, டேப் சுற்றி நீட்டிவிடுகிறார்கள். அந்த முறுக்கு இருக்கும் இடத்தோடு தெர்மோகப்பிள் முடிந்துவிட்டது. முறுக்கு இன்ஜின் பக்கம் 90 டிகிரியில் கிடக்கிறது, சிப் கேபினில் 35 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். சிப் 35-ஐத்தான் கூட்டும். 55 டிகிரி காணாமல் போய்விடும். 750 என்பது 695 ஆகிவிடும். 700-ஐத் தாண்டினால் கத்தும்படி வைத்த பஸ்ஸர் வாயைத் திறக்காது. இன்ஜின் பக்கம் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு கூடுதலாகப் பொய் சொல்லும். மே மாத மத்தியானத்தில், ஏற்றத்தில், லோடோடு, அதாவது மீட்டர் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது மிகவும் தப்பாக இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. விவரம் தெரிந்தவர் கே டைப் எக்ஸ்டென்ஷன் வயரையே தேடி வாங்குவார். ஆனால் இரண்டு முனையிலும் மாற்றி இணைத்துவிடுவார். ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும், உடனே பிடிபட்டுவிடும். இரண்டு முனையிலும் மாறினால் எண் ஒழுங்காகவே ஏறும். ஆனால் பிழை இரட்டிப்பாகும்: 55-க்குப் பதில் 110. மேலே சொன்ன 750, 640 கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

நிறத்தைப் பார்த்து இணைத்தேன் என்பார்கள். நம்பாதீர்கள். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆமாம், சிவப்புதான் மைனஸ்! பேட்டரி வேலை பார்த்துப் பழகிய கைக்கு இது ஏறவே ஏறாது. சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். பழைய ஜப்பான் முறையில் சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். மலிவு கிட்டில் சிவப்பும் நீலமும் வரும். அது எந்த முறை என்று கடைக்காரருக்கே தெரியாது. பட்டறையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“தம்பி, செவப்ப பிளஸ்லதானே குடுத்தே?”

“ஆமாண்ணே, செவப்புன்னா பிளஸ்தானே?”

“காந்தத்த எடுத்துட்டு வா.”

அந்த அண்ணனுக்கு விஷயம் தெரியும். அலுமெல் காந்தத்தில் ஒட்டும், குரோமெல் ஒட்டாது. உறையைச் சீவி, குளிர்ந்த நிலையில், கம்பியில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டுவது மைனஸ். இரண்டுமே ஒட்டவில்லை என்றால் அது கே டைப் வயரே இல்லை, தூக்கிப் போடுங்கள். நிறம் என்ன சொன்னாலும் சரி, காந்தம் சொல்வதே கணக்கு. எக்ஸ்டென்ஷன் வயரையும் இதேபோல் சோதியுங்கள்.

‘வெந்நீரில் நுனியை முக்கிப் பார்த்தேன், 100 காட்டுகிறது, மீட்டர் சரிதான்’ என்று ஒருவர் சத்தியம் செய்வார். மேசையில் வைத்துப் பார்க்கும்போது சிப்பும் இணைப்பும் ஒரே அறைச் சூட்டில்தானே இருக்கின்றன? அப்போது செம்பு வயரும் சரியாகத்தான் காட்டும். சோதனையைக் கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள். நுனி கொதிநீரிலேயே இருக்கட்டும். வயர் இணைத்த இடத்தை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்குங்கள், சிப்பின் மேல் சூடான காற்று படாமல். எண் அசையக் கூடாது. 100 மெல்ல 80, 60 என்று இறங்கினால் பிழை கையில் சிக்கிவிட்டது. ஊட்டியில் இருப்பவர்கள் 100 வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடும்.

அடுத்தது நுனி. கிட்டோடு வரும் புரோபைப் பாருங்கள். போல்ட் மாதிரி ஒரு 6 மில்லி மரை, அதன் பின்னால் கம்பி வலை போர்த்திய வயர். இது அடுப்பு, ஓவன், இரும்புத் தகடு போன்றவற்றின் சூடு பார்க்கச் செய்தது. இதை மேனிஃபோல்டில் திருகினால் புகையின் சூட்டைப் பார்க்காது. வார்ப்பிரும்புச் சுவரின் சூட்டைத்தான் பார்க்கும். சுவர் புகையைவிடக் குளிர்ந்தது, மெதுவாகச் சூடேறக்கூடியது. ஏற்றத்தில் புகை 700-ஐத் தொட்ட பிறகும் சுவர் ஆற அமர ஏறிக்கொண்டிருக்கும். வயரின் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை உறையும் ஏறத்தாழ 480 டிகிரி வரைதான் தாங்கும். அது கருகி இரண்டு கம்பிகளும் நடுவழியில் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், தொட்ட இடமே புதிய நுனியாகிவிடும். வயர் அந்த இடத்தில் 200 டிகிரியில் இருந்தால் மீட்டர் 200 என்று காட்டும். மீட்டர் கெட்டதாகத் தெரியாது. சூடு இறங்கிவிட்டது என்றுதான் தெரியும்!

வேண்டியது தாது உறை போட்ட, இன்கொனெல் அல்லது அதற்கு நிகரான உலோகக் குழாய்க்குள் அடைத்த புரோப். அதன் நுனி புகைப் பாதையின் நடுவில் நிற்க வேண்டும். 6 மில்லி தடிமன் நீண்டநாள் உழைக்கும், ஆனால் சோம்பேறி. 3 மில்லி சட்டென்று காட்டும், சீக்கிரம் தேயும். எதைப் போட்டாலும் அதைக் காலமெல்லாம் விட்டுவைக்காதீர்கள். தேய்ந்த நுனி ஒடிந்தால் நேரே போய் விழும் இடம் டர்போவின் டர்பைன். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டக்கூடிய சக்கரம். பிளேடுக்கு ஒரு சிறு துண்டு போதும்.

இந்தப் பயத்தால் சிலர் டர்போவுக்குப் பின்னால், சைலன்சர் பைப்பில் மாட்டுவார்கள். அது பாதுகாப்பான இடம்தான், இரும்புப் பைப் என்பதால் வெல்டிங்கும் சுலபம். ஆனால் டர்பைனைச் சுற்றிவிட்டு வந்த புகை சூடு இழந்துதான் வரும். முழு லோடில் 100 முதல் 150 டிகிரி வரை இறங்கும், சில நேரம் அதற்கு மேலும். லேசான லோடில் வித்தியாசம் குறைவு. ஆகவே காட்டும் எண்ணோடு 100-ஐக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்ற குறுக்குக் கணக்கு எடுபடாது. டர்போவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, டர்போவுக்கு முன்னால் பொருந்தும் 700 என்ற எல்லையை வைத்துக்கொண்டு ஓட்டினால் இன்ஜின் போர் வேலைக்குப் பணம் எடுத்து வையுங்கள். முன்னால் மாட்டினாலும் ஒன்று கவனிக்க வேண்டும். கம்மின்ஸ் ஆறு சிலிண்டரில் மேனிஃபோல்டு இரண்டு பாதையாகப் பிரிந்திருக்கும். முன் மூன்று ஒரு வழி, பின் மூன்று ஒரு வழி. ஒரு பக்கம் புரோப் போட்டால் மறுபக்கம் ஒரு இன்ஜெக்டர் டீசலைச் சொட்டிக்கொண்டிருந்தாலும் தெரியவே தெரியாது.

ட்ரில் எடுக்கும் முன் கையைக் கட்டிக்கொண்டு இதைக் கேளுங்கள். மேனிஃபோல்டு வண்டியிலேயே இருக்க ட்ரில் போடுவது அந்த வீடியோக்களில் சாதாரணம். ட்ரில்லில் கிரீஸ் தடவு, தூள் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே ட்ரில் போடு, புகையே தூளை வெளியே தள்ளிவிடும் என்பார்கள் இன்னும் சிலர். சூடான வார்ப்பிரும்புத் தூள் முகத்தில் வந்து அடிக்கும், பக்கத்தில் பெல்ட்டும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும், மேலே தூக்கி நிறுத்திய கேபின்! இதைச் செய்யச் சொல்கிறவர் உங்கள் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வருவாரா? மேனிஃபோல்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கேஸ்கெட்டும் சில நட்டுகளும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஒரு டர்போவின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கழற்ற முடியாது, நேரமில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம்.

லேத்காரரிடம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் புரோப்களின் மரை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல என்பிடி. நம் ஊர்க் கடைகளில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி டேப். என்பிடிக்கு அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பிக்கு 28. முதல் இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறிவிடும், அப்புறம் இறுகும். சரியாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரில் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். விரிசல் விடாவிட்டாலும் புகை கசியும். கசிவை அடைக்க டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தண்ணீர்க் குழாய்க்கு ஆனது. 260 டிகிரிக்கு மேல் தாங்காது, மேனிஃபோல்டில் கருகி நச்சுப் புகை விடும். பித்தளை ஃபிட்டிங் சூட்டில் இளகும். ஸ்டெயின்லெஸ் ஃபிட்டிங், நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பேஸ்ட், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கசிவை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன்? அமெரிக்க பிக்கப்பில் இன்ஜின் முன்னால் தனிப் பெட்டியில் இருக்கிறது. நம் லாரியில் டிரைவர் இன்ஜின் மேலேயேதான் உட்கார்ந்திருக்கிறார். மேனிஃபோல்டில் ஒரு ஓட்டை என்றால் அது இருக்கைக்குக் கீழே உள்ள ஓட்டை. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. டீசலில் அது பெட்ரோலைவிடக் குறைவுதான், இல்லாமல் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கேபினில் தூங்குகிறவர்கள் இதைப் பற்றி இரண்டு தடவை யோசிக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்றான பிறகு இப்படித் தூங்குகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். தவிர, கசியும் புகை ஊசிபோல் ஒரே இடத்தில் பாயும். அந்த இடத்தில் டீசல் ஹோஸோ வயரிங்கோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் விஷயத்திலும் அமெரிக்க வீடியோ கவிழ்த்துவிடும். அந்த பிக்கப் 12 வோல்ட், நம் லாரி 24. இன்ஜின் ஓடும்போது 28-ஐ நெருங்கும். மீட்டரின் மூளையாக வைக்கும் ஆர்டுயினோ போர்டுக்குப் பரிந்துரைக்கும் வோல்டேஜ் 7 முதல் 12 வரை, உச்ச வரம்பு 20. அதனால் நடுவில் வோல்டேஜைக் குறைக்க ஒரு எல்எம் 2596 பக் கன்வெர்ட்டரைப் போடுகிறார்கள். அந்தச் சிப் 40 வோல்ட் வரை ஏற்கும், தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் லூசாகி ஒரு கணம் விலகினால், 24 வோல்ட் வண்டியில் எழும்பும் அலை நூறு வோல்ட்டைத் தாண்டும். கன்வெர்ட்டர் பெரும்பாலும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சாகும்: உள்ளே வந்த 24 வோல்ட் அப்படியே 5 வோல்ட் பக்கம் போய்விடும். பாதுகாப்புக்கு அந்த அலையை அடக்கும் டிவிஎஸ் டையோடு, கரண்ட் எடுக்கும் முனையிலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும் வேண்டும். ஃபியூஸ் போடாமல் கிடைத்த வயரில் இருந்து கரண்ட் எடுத்து டாஷ்போர்டுக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள் மீட்டர் கட்டவில்லை, தீக்குச்சியைச் சொருகி வைக்கிறார்கள்.

உறையோடு நுனி ஒட்டிய புரோப், ஒட்டாத புரோப் என்று இரண்டு வகை உண்டு. ஒட்டிய வகை வண்டிச் சேசிஸோடு மின் தொடர்பில் இருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போதும் ஆல்டர்னேட்டர் கரண்ட் பாயும்போதும் சேசிஸின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் வோல்டேஜ் ஒன்றாக இருக்காது. 29 மில்லிவோல்ட்டை அளக்கும் இடத்தில் சில மில்லிவோல்ட் புகுந்தால் எண் கூத்தாடும். மேக்ஸ் 31855 சிப் என்றால் கிரவுண்டில் ஷார்ட் என்று பிழை காட்டிவிட்டு நின்றே போகும். ஒட்டாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி மென்பொருள். இன்டர்நெட்டில் கிடைக்கும் நாலு வரி புரோகிராமை அப்படியே ஏற்றிவிட்டுப் பஸ்ஸர் வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு ஓட்டைகள் அதில் வழக்கமாக இருக்கும்.

ஒன்று: தெர்மோகப்பிள் வயர் அறுந்தால் மேக்ஸ் 6675 அதைக் கண்டுபிடிக்கும். பரவலாகப் பயன்படும் நூலகம் அப்போது சூட்டுக்குப் பதில் ‘இது எண்ணே இல்லை’ என்ற ஒரு குறியைத் திருப்பி அனுப்பும். நம் புரோகிராமில் என்ன எழுதியிருக்கிறது? ‘700-க்கு மேல் போனால் பஸ்ஸரை அடி.’ எண்ணே இல்லாத ஒன்றை 700-ஓடு ஒப்பிட்டால் கணினியின் பதில் எப்போதும் ‘இல்லை’தான். வயர் அறுந்துவிட்டது, பஸ்ஸர் ஊமையாக இருக்கிறது. ‘எண் இல்லை என்றாலும் அடி’ என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். வயர் அறுந்ததைச் சிப் கண்டுபிடிப்பதும் அதன் மைனஸ் முனை கிரவுண்டோடு இணைந்திருந்தால்தான் நடக்கும்.

இன்னொன்று இன்னும் நயவஞ்சகமானது. மேக்ஸ் 6675 ஒரு தடவை அளந்து முடிக்க 0.22 நொடி வரை எடுக்கும். அதற்குள் நாம் எட்டிப் பார்த்தால் அளப்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய எண்ணையே கொடுக்கும். புரோகிராம் இடைவெளி இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது ஒருமுறைகூட அளந்து முடிக்காது. டிஸ்பிளேயில் 412 என்று வரும், 412 என்றே நிற்கும். சமவெளியில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு வண்டி மலை ஏறிக்கொண்டிருக்கும். குறைந்தது கால் நொடி இடைவெளி கொடுங்கள். எண் துள்ளுகிறதே என்று இருபது முப்பது அளவுகளின் சராசரியைக் காட்டும் வழக்கத்தையும் விடுங்கள். சராசரி என்றால் தாமதம், ஏறும் நேரத்தில் தாமதம் என்றால் மறுபடியும் குறைத்துச் சொல்வதுதான். பழைய வாட்ச்டாக் டைமர் வித்தையையும் சேர்த்துக்கொண்டால் புரோகிராம் உறைந்துபோனாலும் தானே எழுந்துகொள்ளும்.

பிஎஸ் 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: தொடாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த வண்டிகளில் புகைப் பாதையில் ஆலையே வெப்ப சென்சார்களை வைத்திருக்கிறது. நல்ல ஸ்கேனரை ஓபிடி சாக்கெட்டில் செருகினால் பல வண்டிகளில் அந்த எண்களைப் படித்துவிடலாம். அங்கே ஓட்டை போட்டால் சுத்திகரிப்புக் கருவிகளின் கணக்கே குழம்பும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர், சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது சூடு 600 டிகிரியை ஒட்டிப் போகும். வண்டி நின்றுகொண்டிருக்கும், உங்கள் மீட்டரில் எண் எகிறும், நீங்கள் பயந்து இன்ஜினை அணைப்பீர்கள், சுத்தம் பாதியில் நிற்கும். சட்டமும் இருக்கிறது. விதிகள் அனுமதிக்காத மாற்றத்தை ஓனர் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரன்டி நிலவரத்தை டீலரிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள், அவர் முகம் போகும் போக்கே பதில்.

மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மீட்டர் மேல் பலருக்கு ஆசை வருவது இன்ஜினைக் காப்பாற்ற என்று நான் நம்பவில்லை. பிக்கப் வேண்டும் என்று பம்பைக் கூட்டி வைத்துவிட்டார்கள்; எவ்வளவு தூரம் தாங்கும் என்று விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க ஒரு எண் வேண்டும். பம்பைப் பழைய அளவுக்கு இறக்கி, ஏர் ஃபில்டரை மாற்றி, இன்டர்கூலர் ஹோஸ் கிளிப்புகளை இறுக்கி, ஏற்றத்தில் ஒரு கியர் முன்கூட்டியே இறக்கினால் இந்தச் செலவில் பாதிகூட ஆகாது. ஏதாவது ஒரு சிலிண்டர் சரியில்லையோ என்ற சந்தேகம்தான் என்றால், இன்ஃப்ராரெட் கன் ஒன்றால் ஆறு போர்ட்களையும் வெளியிலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது சுவர்ச் சூட்டைத்தான் காட்டும், ஆனால் ஒப்பிடுவதற்கு அது போதும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியவை இருக்கின்றன. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கேபினைத் தூக்கி, தாங்குகம்பியைப் பூட்டிவிட்டுப் பாருங்கள். புரோப் திருகிய இடத்தைச் சுற்றிக் கரிப்படலம் விசிறிபோல் படிந்திருந்தால் அங்கே கசிகிறது. புரோப்பைக் கழற்றி நுனி அரித்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றின கையோடு கொதிநீரும் ஹேர் டிரையரும் வைத்து இணைப்பைச் சோதித்துவிடுங்கள். கடைசியாக, மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெர்மோகப்பிள் வயரில் ஒன்றைக் கழற்றுங்கள். பஸ்ஸர் அந்த நொடியே கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் டிஸ்பிளேயைக் கழற்றி டூல் பாக்ஸில் போட்டுவிட்டு, பழையபடி கண்ணாடியில் புகையைப் பார்த்தே ஓட்டுங்கள்.